வேலூர்க் கோட்டையும் நம் முன்னோரும்

முன்னுரை

வேலூர் நகரின் நடுவே நிற்கும் கோட்டையை அறியாதார் நம்முள் எவரும் இலர். பாகாயத்திலிருந்து நகரப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அதன் அகழிக் கரையில் இறங்கிவிடலாம். மருத்துவமனைக்குச் செல்வோரும், கடைத்தெருவுக்குச் செல்வோரும், வழக்குக்காகவும் வேலைக்காகவும் நகருக்கு வருவோரும் அக்கோட்டையைப் பார்த்தவாறே செல்கின்றனர். ஆயினும், அதன் வரலாற்றை முறையாகக் கேட்டறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றில் நம் மக்களுக்கும் பங்குண்டு என எண்ணிப் பார்த்தவர் அவரினும் சிலர்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தின் மாலை வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அக்கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். அகழியின் கரையில் நின்றபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, இக்கோட்டையைக் கட்டியவர் சின்ன பொம்மு நாயக்கர் என்று பாடத்தில் படித்தோம். இந்த அகழியை வெட்டியவர் யார்?" என்று கேட்டான். நல்ல வினா. இக்கட்டுரை அவ்வினாவை ஒட்டியே எழுதப்படுகிறது.

கோட்டையும் அதன் அரசர்களும்

வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்தது. விசயநகர மன்னர் சதாசிவராயருக்குக் கீழ்ப்பட்டு இப்பகுதியை ஆண்டவர் சின்ன பொம்மு நாயக்கர். 1566-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் அரப்பாக்கம், சதுப்பேரி முதலிய சுற்றுப்புற ஊர்களில் கிடைத்துள்ளன. அவ்வூர்கள் கோட்டைக்குள் உள்ள சிவன் கோயிலுக்குக் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. இன்று சலகண்டேசுவரர் என வழங்கும் இறைவன் பெயர் அக்கல்வெட்டுகளில் சுரகண்டேசுவரர் எனக் காணப்படுகிறது. சுரத்தை, அதாவது காய்ச்சலை, நீக்குபவர் என்பது அதன் பொருள்.

கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். கருங்கற்களால் ஆன இரட்டை மதில். மதிலைச் சுற்றி ஆழ்ந்தகன்ற அகழி. சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே அகழிக்கு நீர் வர வழி செய்திருந்தனர். தென்னிந்தியத் தரைக்கோட்டைகளுள் இத்துணைச் செம்மையாக நிலைத்து நிற்பது மற்றொன்று உண்டோ என ஐயுறலாம். மதில்மேல் ஆங்காங்கே அரசும் ஆலும் வேர்விட்டுக் கற்களைப் பிளந்திருக்கின்றன. கொத்தளங்கள் சில சிதைந்திருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறை இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாகப் பாதுகாத்து வருகிறது.

கோட்டை கைமாறிய கதை நீண்டது. அதனைச் சுருக்கமாகவே கூறுவோம். விசயநகரம் தாழ்வுற்ற பின் ஆரவீடு மரபின் அரசர்கள் வேலூரிலிருந்து ஆண்டனர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர் சுல்தானின் படை இதனைக் கைப்பற்றியது. 1678-இல் பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் மராட்டியர் வசமாயிற்று. அவர்களிடமிருந்து மொகலாயத் தளபதி தாவூத்கானுக்கும், பின்னர் ஆர்க்காட்டு நவாபின் உறவினருக்கும், இறுதியில் 1760-களில் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் சென்றது. 1780 முதல் 1782 வரை ஐதர் அலி முற்றுகையிட்டும் கம்பெனியாரிடமிருந்து இதனைப் பறிக்க இயலவில்லை.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவர்தம் மக்களும் குடும்பத்தாரும் இக்கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டனர். கண்டியின் கடைசி மன்னர் சீவிக்கிரம ராசசிங்கர் 1816-இல் இலங்கையிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே சிறையில் உயிர் நீத்தார். பாலாற்றங்கரையில் அவர் கல்லறை மீது தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் உள்ளது.

எழுதப்பட்டவரும் எழுதப்படாதவரும்

மேற்கூறிய வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அரசர்கள், தளபதிகள், சுல்தான்கள், நவாபுகள். சின்ன பொம்மு நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்தவர் அடையபலத்தைச் சேர்ந்த அப்பய்ய தீட்சிதர் என்னும் பேரறிஞர். நாயக்கர் அவருக்குப் பொன்னால் அபிடேகம் செய்தார். அச்செய்தியும் பதிவாகியுள்ளது, அவர் எந்த நூலை எத்தனை மாணவருக்குக் கற்பித்தார் என்பதும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. அறிஞரைப் போற்றியது நல்லதே. அதில் நமக்கு மாறுபாடில்லை.

ஆனால் அகழியை வெட்டிய மண்வெட்டிகள் எத்தனை? மலையிலிருந்து கருங்கல்லைப் பெயர்த்தவர் யார்? மாட்டு வண்டியிலும் உருளைக் கட்டையிலும் அதனை இழுத்து வந்தவர் யார்? கல்லை ஏற்றுகையில் கால் நசுங்கியவர், கயிறு அறுந்து மாண்டவர் எவர்? அவர்களுக்குக் கூலி கொடுத்தனரா, வெட்டிவேலையாக வாங்கினரா? இவற்றைக் கூறும் கல்வெட்டு ஒன்றேனும் கோட்டையில் இல்லை. கல்லொட்டரும், கல்தச்சரும், ஊர்ப்புறத்துப் பண்ணையாட்களும், சேரிவாழ் மக்களும் ஆகிய உழைக்கும் கூட்டமின்றி 133 ஏக்கர்க் கோட்டை எழுந்திராது என்பது மட்டும் உறுதி. கொடை பெற்ற ஊரின் எல்லையைக் கல்வெட்டு கூறும். அவ்வூரின் நிலத்தை உழுதவன் பெயரைக் கூறாது.

இது கல்லின் குற்றமன்று. எழுத்து எவர் கையில் இருந்ததோ அவர் தமக்கு வேண்டியதை எழுதினர். எழுத்து மறுக்கப்பட்டோர் கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தன. அவற்றால் எழுதியதே இந்த அகழி. அம்மாணவனுக்கு நாம் அங்கு இவ்வாறே விடை கூறினோம்.

கடல் கடந்த ஒரு கோட்டை

இது எங்கும் இப்படித்தான் என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்சு நாட்டில், ஆங்கில்சி என்னும் தீவில் பியூமாரிஸ் என்றொரு கோட்டை இருக்கிறது. வேல்சு மக்களை அடக்கியாள வேண்டி இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1295-இல் அதனைக் கட்டத் தொடங்கினார். நம் வேலூர்க் கோட்டையைப் போன்றே அதற்கும் இரட்டை மதில் உண்டு. சுற்றிலும் அகழி உண்டு. பணம் போதாமையால் அது முற்றுப் பெறவே இல்லை. இன்று கூரையற்ற சுவர்களோடு காண்போர்க்குக் காட்சிப் பொருளாக நிற்கிறது.

அக்கோட்டையின் தலைமைக் கட்டடக் கலைஞர் செயிண்ட் சார்ச்சு சேம்சு என்பவர். அவர் 1296-ஆம் ஆண்டு மன்னரின் கருவூலத்தார்க்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. வேலைக்கு எவரெவர் தேவைப்படுகின்றனர் என்பதை அதில் அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். கல்தச்சர் 400 பேர், எளிய கூலியாட்கள் 2000 பேர், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லர் 30 பேர், வண்டிகள் 100, பாரவண்டிகள் 60, கல்லும் கரியும் கொண்டுவரும் படகுகள் 30. இவற்றோடு ஆட்களுக்குக் கூலி நிலுவையாக நிற்கிறது, பணம் அனுப்புங்கள் என்றும் அவர் முறையிடுகிறார்.

மற்றொரு செய்தியும் உண்டு. கோட்டைக்கு இடம் வேண்டி, அருகிலிருந்த இலான்வாய்சு என்னும் ஊரின் வேல்சு மக்கள் தம் வீடுகளை விட்டுத் தொலைவிலுள்ள வேறிடத்திற்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அதுவும் பதிவாகி நிற்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கோட்டையைக் காணச் செல்வோர், மன்னரின் பெருமையோடு கூலியாளின் நிலுவையையும், ஊரிழந்தவரின் துயரையும் சேர்த்தே அறிந்து திரும்ப முடிகிறது. அங்கும் கூலியாட்களின் பெயர்கள் முழுதும் கிடைக்கவில்லை. ஆயினும் எண்ணிக்கையேனும் ஏட்டில் ஏறியிருக்கிறது. ஒரு கடிதம் இருந்தமையால் இரண்டாயிரம் பேர் வரலாற்றில் இடம் பெற்றனர் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

1806: தோலும் தலைப்பாகையும்

வேலூர்க் கோட்டையின் புகழுக்கு முதற்காரணம் 1806 சூலை 10-ஆம் நாள் அங்கு நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சி. 1857-இல் வடநாட்டில் நிகழ்ந்த பெரும் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முந்தியது இது. இதன் இருநூறாம் ஆண்டு நினைவாக 2006-இல் மத்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

கம்பெனிப் படையின் சென்னைத் தளபதி சர் சான் கிரடாக் புதிய உடை விதிகளைப் புகுத்தினார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடியைக் களைந்து மீசையை ஒரே முறையில் ஒழுங்குபடுத்த வேண்டும், ஐரோப்பியர் தொப்பியைப் போன்ற புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அத்தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. எதிர்த்தவர் கசையடிக்கு உள்ளாயினர். அன்னியர் தம் சமயத்தையே மாற்ற முனைகின்றனர் என்ற அச்சம் பரவிற்று.

சூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். தலைமை அதிகாரி பேன்கோர்ட்டும், 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். திப்புவின் புலிக்கொடி கோட்டையில் பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, பீரங்கியால் வாயிற்கதவைத் தகர்த்து உள்ளே நுழைந்தார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். மொத்தத்தில் மாண்ட சிப்பாய்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. விசாரணைக்குப் பின்னும் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர்; சிலர் தூக்கிலிடப்பட்டனர். புதிய தலைப்பாகை விதி கைவிடப்பட்டது. தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

அடிமைத்தளையை அறுக்க உயிர் ஈந்த அவ்வீரர்களை நாம் வணங்குகிறோம். எனினும், தோல் தொழிலால் வாழும் இப்பகுதியின் மக்களாகிய நாம் இவ்வரலாற்றில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அத்தோல் குஞ்சம் பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்னும் ஐயம் சிப்பாய்களை வருத்திற்று. அதனைத் தலையில் சூடின் சாதி கெடும், சமயம் கெடும் என்று அஞ்சினர். அவர்தம் சமய உணர்ச்சியை அன்னியர் மிதித்தது தவறே. ஆனால் தோல் தீட்டு என்னும் எண்ணம் அன்னியர் கொணர்ந்ததன்று. அது நம் நாட்டிலேயே வேரூன்றியது. குதிரையின் சேணமும், தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலும், போர்முரசும் தோலால் ஆனவை. அவை அனைத்தும் எல்லோர்க்கும் வேண்டும். அவற்றைச் செய்த கை மட்டும் எவர்க்கும் வேண்டாம். இம்முரண்பாட்டை எந்தப் புரட்சியும் அன்று தொடவில்லை.

ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் 'தோல் ஷாப்பு' என நம்மவர் வழங்கும் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புக் குழியில் நின்று, ஆவாரம் பட்டைச் சாற்றில் கைகள் கறுத்து, நம் பாட்டன்மார் பதனிட்ட தோல் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. தீட்டு எனப்பட்ட தோல் நாட்டுக்கு அன்னியச் செலாவணி ஈட்டித் தந்தது. ஆலை முதலாளிகளின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. குழியில் நின்றவரின் பெயர்களை நாம் எழுதினாலன்றி எவர் எழுதுவர்?

படையில் நம்மவர்

கம்பெனிப் படையில் நம் மக்களுக்கு இடம் இருந்ததா என இளைஞர்கள் கேட்பதுண்டு. இருந்தது. கம்பெனி தன் படையைத் திரட்டிய தொடக்கக் காலத்தில் வங்கத்தில் துசாதர்களும், பம்பாயில் மகர்களும், சென்னையில் பறையர்களும் அதில் பெருந்தொகையினராக இருந்தனர் என அண்ணல் அம்பேத்கர் எடுத்துக் காட்டியுள்ளார். பாலங்கள் கட்டுவதிலும் கோட்டைச் சுவர்களைத் தகர்ப்பதிலும் பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் நம்மவர் நெடுங்காலம் பணியாற்றினர். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குலம் என்றும் போர்க்குணமற்ற குலம் என்றும் மக்களைப் பிரிக்கும் கொள்கை தலையெடுத்தது. நம்மவர்க்குத் திறந்திருந்த அவ்வாயில் பெரிதும் அடைக்கப்பட்டது.

படைவேலை தந்த நன்மைகளுள் தலையாயது துப்பாக்கியன்று, பள்ளிக்கூடம். படைவீரர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் படைமுகாமில் கல்வி அளிக்கப்பட்டது. அண்ணலின் தந்தையார் இராம்சி சக்பால் படையில் சுபேதாராக உயர்ந்தவர். படைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கியவர். அத்தந்தையிடம் பெற்ற எழுத்தறிவே பிற்காலத்தில் நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்த கைக்கு வலிமை தந்தது.

இங்கும் எழுத்தின் ஆற்றலைக் காணுங்கள். 1806-இல் கொல்லப்பட்ட பேன்கோர்ட்டின் மனைவி அமீலியா, தம் பிள்ளைகளுடன் ஒளிந்து உயிர் தப்பினார்; அன்றைய நிகழ்ச்சிகளைத் தம் கைப்பட எழுதி வைத்தார். அது அச்சேறி இன்றும் ஆய்வாளர்க்குச் சான்றாகப் பயன்படுகிறது. அதே கோட்டையில் அன்று கைம்பெண்களான சிப்பாய்களின் மனைவியர் பட்ட துயர் அதற்குக் குறைந்ததாக இருந்திராது. அவர்கள் எழுதிய ஏடு ஒன்றும் நமக்கு வரவில்லை.

கோயில் வாயில்

கோட்டைக்குள் கோயிலும், பள்ளிவாசலும், கிறித்தவத் தேவாலயமும் அருகருகே உள்ளன. சலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபத் தூண்களில் குதிரையும் யாளியும் உயிர்பெற்று எழுவன போல் நிற்கும் சிற்பச் சிறப்பு உலகப் புகழ் பெற்றது. போர்களின் காரணமாக நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த அக்கோயிலை ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காகவும் பயன்படுத்தினர். 1981 மார்ச் 16-ஆம் நாள், சத்துவாச்சாரியில் வைத்திருந்த சிவலிங்கம் மக்களால் மீண்டும் இங்கு நிறுவப்பட்டது.

கோயில் எழுந்த காலத்தின் வழக்கப்படி, நம் முன்னோர் கருவறைக்குக் கல் சுமந்திருப்பினும் அக்கருவறை முன் நின்று கும்பிட்டிருக்க இயலாது. 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆதலின் 1981-இல் கதவு திறந்தபோது நம் மக்களும் மற்றவரோடு உள்ளே செல்ல முடிந்தது. தெய்வ நம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் நம்முள் இருக்கின்றனர். அது அவரவர் உரிமை. ஆனால் அவ்வாயிலில் கால் வைக்கும் எவரும், அந்த ஓர் அடிக்குப் பின் நானூறு ஆண்டுக் காத்திருப்பு உள்ளது என்பதை மறத்தலாகாது.

ஏடு தந்த நிலம்

எழுதுவதால் என்ன பயன், வயிற்றுக்குச் சோறாகுமா என்று கேட்கும் பெரியோர்க்கும் ஒரு விடை உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்பவர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை நேரில் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வீட்டுமனையும் தமக்குச் சொந்தமில்லாமல், பண்ணையாரின் கடனில் கட்டுண்டு கிடந்த மக்களின் வாழ்வை அவ்வறிக்கை அரசின் கண்முன் வைத்தது. அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் கூறுவது அதுவே.

அந்நிலங்களில் பல பின்னர் பிறர் கைக்குச் சென்றன. இன்று அவற்றை மீட்க வழக்காடும் குடும்பங்களிடம் வழக்கறிஞர் கேட்பது என்ன? பழைய பதிவேட்டின் நகல், பட்டா எண், புல எண். பாட்டன் வாயால் கூறிய கதை நீதிமன்றத்தில் நிற்பதில்லை. தாளில் ஏறிய வரி நிற்கிறது. கோட்டையின் வரலாறும் நம் வீட்டு நிலத்தின் வரலாறும் இவ்வகையில் ஒன்றே.

இளைஞர் செய்யத்தக்கன

ஆதலின் நம் இளைஞர்கட்கு நாம் கூறுவன சில. முதலாவது, கோட்டையை ஒருமுறையேனும் குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு சென்று பாருங்கள். உள்ளே உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் காணுங்கள். கல்வெட்டைக் கண்டால் இதில் பெயர் உடையவர் யார், பெயர் இல்லாதவர் யார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் தெருவில் எழுபதும் எண்பதும் கடந்த பெரியவர்களிடம் சென்று அமருங்கள். தோல் ஷாப்பில் எந்த வயதில் சேர்ந்தனர், கூலி என்ன, கைகளில் புண் வந்தபோது எவர் மருந்திட்டனர், எந்த ஆண்டு முதன்முதலாகச் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தனர், கோலார் தங்கவயலுக்குச் சென்ற உறவினர் எத்தனை பேர், திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு, நாளும் பெயரும் இட்டு எழுதுங்கள். 2001-இல் தங்கவயல் மூடப்பட்டுவிட்டது. அச்சுரங்கத்தில் இறங்கியவர்களுள் பலர் பழைய வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சென்றவர்கள். அவர்களின் நினைவும் மூடப்படுவதற்குள் எழுத வேண்டும். பாட்டிமார்களையும் தவறாது கேளுங்கள். ஆண்கள் கூறாதவற்றை அவர்கள் கூறுவர்.

மூன்றாவது, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரம், படைவிடுப்புச் சான்று, கூலிச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கறையானுக்கு விடாதீர்கள். நகல் எடுத்து நம் சங்கத்தின் நூலகத்தில் ஒரு பேழையில் சேர்த்து வைப்போம். வெள்ளி விழாவின் நினைவாகச் சங்கம் செய்யத்தக்க பணிகளுள் இது செலவு குறைந்தது, பயன் மிகுந்தது.

முடிவுரை

பழைய வடஆர்க்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மீண்டும் பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் எல்லைகள் மாறும், ஆட்சிகள் மாறும், கோட்டையும் பலர் கைக்கு மாறியது. அக்கோட்டையை எழுப்பிய உழைப்பாளியின் பெயரை இனி எவராலும் கண்டுபிடித்துத் தர இயலாது போகலாம். ஆனால் அவன் வழிவந்தோரின் பெயர்கள் இன்று பள்ளி வருகைப் பதிவேட்டில் உள்ளன. அப்பதிவேட்டில் ஒரு பெயரும் இடையில் நின்றுவிடாமல் பத்தாம் வகுப்பையும், மேல்நிலையையும், கல்லூரியையும் கடக்கச் செய்வதே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றி வரும் பணி. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், படித்த நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் வேலூர் வட்டாரத்து உழைக்கும் மக்களின் வரலாற்றை முழு நூலாக எழுதி முடித்துப் பொன்விழா மேடையில் வெளியிட வேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கான முதற்குறிப்பை எழுத இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குக.